பணிக்கர் போட்ட கணக்கு

பொங்கலூர் வட்டாரத்துப் பள்ளி ஒன்றில் எனக்கு அறிவியல் கற்பித்த ஆசிரியர், பணி ஓய்வுக்குப் பிறகு நீர்வண்ண ஓவியர் ஆனார். கரும்பலகையில் அவர் வரையும் தவளையின் உள்ளுறுப்புப் படத்தை அழிப்பதற்கு அடுத்த வகுப்புக்கு வரும் ஆசிரியருக்கே மனம் வராது. 1980களின் தொடக்கத்தில் ஓய்வு பெற்றார். அதன்பின் பெரும்பாலான காலை வேளைகளில் பிஏபி வாய்க்கால் கரையில் ஒரு முக்காலியைப் போட்டு அமர்ந்திருப்பார். மடியில் அட்டை, அருகில் தண்ணீர்ச் செம்பு, பள்ளிச் சிறுவர்கள் வாங்கும் வண்ணப் பெட்டி. சோளக்காடு, கிளுவை வேலி, பனை வரிசை, தொலைவில் மங்கலாகத் தெரியும் மலை. இவற்றைத்தான் திரும்பத் திரும்ப வரைந்தார்.

அப்போது நான் பொருளியல் விரிவுரையாளராகப் பணியில் சேர்ந்திருந்த புதிது. கற்ற பாடத்தை எவரிடமாவது காட்டிவிட வேண்டும் என்ற வேகம் இருந்தது. வாய்க்கால் கரையில் அவரைப் பார்த்தபோது, அந்த நேரத்தில் இயற்பியல் தனி வகுப்பு நடத்தினால் மாதம் எவ்வளவு ஈட்டலாம் என்று அவருக்கே கணக்குப் போட்டுச் சொன்னேன். வாய்ப்புச் செலவு என்னும் கருத்தையும் விளக்கினேன். எனக்கு நெம்புகோல் தத்துவத்தைக் கற்பித்தவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு ஈரம் காய்வதற்குள் வானத்தை முடிக்க வேண்டும் என்று சொல்லித் தாளின் பக்கம் திரும்பிவிட்டார்.

இந்த நினைவு பல ஆண்டுகள் எனக்குள் அடங்கிக் கிடந்தது. கருத்தரங்கு ஒன்றுக்காகத் திருவனந்தபுரம் சென்றிருந்தபோது, அருங்காட்சியக வளாகத்தில் கே.சி.எஸ். பணிக்கரின் பெயரில் அமைந்திருக்கும் ஓவியக்கூடத்துக்குள் பொழுதுபோக்காக நுழைந்தேன். வெளியே வரும்போது என் பழைய கணக்கு தவறு என்று பட்டது. வேறு கணக்கு ஒன்று போடப்பட வேண்டும், அதை ஒருவர் வாழ்நாள் முழுவதும் போட்டுப் பார்த்திருக்கிறார் என்றும் தோன்றியது. அதன் பிறகே பணிக்கரைப் பற்றித் தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

பணிக்கர் பிறந்தது எங்கள் ஊரிலிருந்து ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர் தொலைவில் உள்ள கோயம்புத்தூரில், 1911 மே 31 அன்று. பூர்விகம் மலபாரின் பொன்னானிப் பக்கம். பன்னிரண்டு வயதிலேயே நிலக்காட்சிகளை வரையத் தொடங்கியவர், பதினேழு வயதில் சென்னை நுண்கலைக் கழகத்தின் ஆண்டுக் கண்காட்சியில் தம் ஓவியங்களை வைக்கும் அளவுக்குத் தேறியிருந்தார். தென்னைகள் சாய்ந்த கால்வாய், வள்ளம், வயல், செம்மண் பாதை ஆகியவை அவருடைய தொடக்ககால ஓவியங்களில் மீண்டும் மீண்டும் வருகின்றன. எல்லாம் அவர் வளர்ந்த நிலம்.

பாலக்காடு விக்டோரியா கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது தந்தை காலமானார். குடும்பச் சுமை தலையில் விழவே படிப்பை நிறுத்திவிட்டுத் தந்தித் துறையில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே ஐந்து ஆண்டுகள். பிறகு ஆயுள் காப்பீட்டு வேலை. உலகப் பொருளாதாரப் பெருமந்தம் இந்திய விவசாயிகளின் விளைபொருள் விலையைச் சரித்துப்போட்டிருந்த 1930களின் முற்பகுதி அது. மாதச் சம்பளம் தரும் அரசு வேலை ஒரு நடுத்தரக் குடும்பத்துக்கு எத்தகைய அரண் என்பதை அக்காலத்தைப் பற்றிப் படித்தவர்கள் அறிவார்கள். அந்தப் பாதுகாப்பான உலகத்தை உதறிவிட்டு, 1936-ல், இருபத்தைந்தாம் வயதில், சென்னைக் கலை, கைவினைப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார் பணிக்கர். உடன் படித்தவர்களில் பலர் அவரைவிட இளையவர்களாகவே இருந்திருக்க வேண்டும்.

அந்தப் பள்ளியின் தோற்றமே சுவையானது. 1850-ல் அதைத் தொடங்கியவர் ஓவியர் அல்லர். அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் அறுவை மருத்துவர். இந்தியாவிலேயே பழைமையான கலைப் பள்ளிகளுள் ஒன்றான அதுதான் இன்று பெரியமேட்டில் அரசு கவின்கலைக் கல்லூரியாக இயங்குகிறது. பணிக்கர் சேர்ந்தபோது அதன் தலைவராக இருந்தவர் வங்கத்துச் சிற்பி தேவி பிரசாத் ராய் சௌத்ரி. மெரினா கடற்கரையில் உழைப்பாளர் சிலையைக் கடந்து செல்லும் எவரும் அவருடைய கைவண்ணத்தைப் பார்த்திருப்பார்கள். கைவினைப் பொருள்களில் ஊன்றியிருந்த பள்ளியைக் கவின்கலையின் பக்கம் திருப்பியவர் அவர். மாணவர்களை வெளியே அனுப்பிக் கண்ணெதிரே உள்ளதை வரையச் செய்த அந்தச் சூழல், ஏற்கெனவே வயலையும் கால்வாயையும் வரைந்து பழகிய பணிக்கருக்கு இயல்பாகப் பொருந்தியது. 1940-ல் பட்டயம் பெற்றார். அடுத்த ஆண்டே அதே பள்ளியில் ஆசிரியர் ஆனார்.

நீர்வண்ணத்தைப் பற்றி இங்கே சிறிது சொல்ல வேண்டும். தைலவண்ணத்தில் தவறு நேர்ந்தால் காய்ந்தபின் மேலே பூசி மறைத்துவிடலாம். நீர்வண்ணம் ஒளி ஊடுருவும் தன்மை கொண்டது. அடியில் நேர்ந்த பிழை மேலே எத்தனை பூச்சு பூசினாலும் தெரிந்துகொண்டே இருக்கும். மரபான முறையில் அதற்கு வெள்ளை நிறம் என்று ஒன்று கிடையாது. தாளின் வெண்மைதான் வெள்ளை. தண்ணீரில் மின்னும் வெயில் வேண்டுமானால் அந்த இடத்தில் தூரிகை படாமல் முன்கூட்டியே விட்டுவைக்க வேண்டும். ஈரம் இருக்கும்போது ஒரு நிறம் இன்னொன்றில் பரவும், காய்ந்தபின் பரவாது. எங்கள் ஆசிரியர் வானத்தை முடிக்க ஏன் அவசரப்பட்டார் என்பது எனக்கு மிகத் தாமதமாகவே புரிந்தது. தமிழ்நாட்டு வெயிலில் தாள் சில நிமிடங்களில் காய்ந்துவிடும்.

பணிக்கரின் நிலக்காட்சிகளுக்குப் பெயர் கிடைத்தது. சென்னையிலும் தில்லியிலும் தனிக் கண்காட்சிகள் நடந்தன. அந்த அளவோடு நின்றிருந்தால் மலபார்க் கால்வாய்களை அழகாக வரைந்த ஓவியர் என்று ஒரு நல்ல இடம் அவருக்கு உறுதியாக இருந்திருக்கும். அவர் நிற்கவில்லை. 1944-ல் சென்னையில் முற்போக்கு ஓவியர் சங்கத்தை உருவாக்கினார். பம்பாயில் சூசாவும் ரசாவும் ஹுசைனும் இதே போன்ற பெயரில் குழு அமைத்துப் புகழ்பெற்றது அதற்கு மூன்று ஆண்டுகள் கழித்து, 1947-ல். நம் கலை வரலாற்றை எழுதுவோர் பம்பாயை முதலில் எழுதிச் சென்னையை அடிக்குறிப்பில் தள்ளுவது எனக்கு உடன்பாடானதல்ல.

1954-ல் ஐரோப்பா சென்றார். லண்டனிலும் பிரான்சிலும் அவருடைய ஓவியங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. திரும்பி வந்தவர் மேற்கை நகலெடுக்கவில்லை. நம் மண்ணுக்குரிய நவீன ஓவியம் எப்படி இருக்க வேண்டும் என்ற கேள்வி அவரை விடாமல் தொடர்ந்தது. தோட்டத்தில் அமர்ந்திருக்கும் மனிதர்கள், தாயும் சேயும் என்று உருவங்களை எளிமைப்படுத்திக்கொண்டே போனார். 1957-ல் ராய் சௌத்ரி ஓய்வு பெற, பணிக்கர் பள்ளியின் தலைவர் ஆனார்.

1963-ல் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சியை, வாழ்நாள் முழுதும் விடைத்தாள் திருத்திய எவரும் ரசிப்பார்கள். மாணவர் ஒருவரின் கணக்கு நோட்டுப் புத்தகத்தின் ஒரு பக்கம் பணிக்கரின் கண்ணில் பட்டது. எண்கள், ஆங்கில எழுத்துகள், இயற்கணிதச் சூத்திரங்கள், வடிவியல் உருவங்கள். நம்மைப் போன்றவர்கள் விடை சரியா தவறா என்று மட்டுமே பார்க்கும் பக்கம் அது. பணிக்கர் அதை ஓர் ஓவியமாகப் பார்த்தார். அங்கிருந்து பிறந்ததுதான் அவரை உலகறியச் செய்த சொற்களும் குறியீடுகளும் வரிசை. முதலில் ரோமன் எழுத்துகளையும் கணிதக் குறிகளையும் பயன்படுத்தியவர், பிறகு மலையாள எழுத்தின் வளைவுகளுக்கு மாறினார். பொருள் கொள்ள முடியாதபடி நெருக்கமாக எழுதப்பட்ட வரிகள், ஜாதகக் கட்டம் போன்ற கட்டங்கள், இடையிடையே பாம்பு, பறவை, மீன். பழைய ஓலைச் சுவடியைக் கையில் எடுத்துப் படிக்கத் தெரியாமல் பார்த்துக்கொண்டிருக்கும் உணர்வு அவற்றின் முன் நிற்கும்போது வருகிறது.

எனக்கு அந்த வரிசையைவிடத் தொடக்ககால நிலக்காட்சிகளே பிடிக்கும். கலை விமரிசகர்கள் இதை ஏற்க மாட்டார்கள். கிராமத்தில் வளர்ந்தவனின் கண் அப்படிப்பட்டது.

ஆனால், ஒரு பொருளியல் ஆசிரியனாக என்னை அவரிடம் ஈர்த்தது அவர் தூரிகையைக் கீழே வைத்த பிறகு செய்த வேலை. பள்ளியின் தலைவராக இருந்த பணிக்கருக்கு ஆண்டுதோறும் ஒரு காட்சி கண்ணெதிரே நடந்தது. திறமையான மாணவர்கள் படித்து முடித்து வெளியேறுவார்கள். அன்றைய சென்னையில் நவீன ஓவியத்தை விலை கொடுத்து வாங்குவோர் அரிது, காட்சிக்கூடங்களும் அரிது. விளம்பர நிறுவனம், பத்திரிகை, பள்ளிக்கூட ஓவிய ஆசிரியர் பணி என்று போனவர்களில் பலர் தமக்காக வரைவதை விட்டுவிடுவார்கள். சிலருக்கு நெசவாளர் சேவை மையம் கைகொடுத்தது. ரெட்டப்ப நாயுடுவும் ஆதிமூலமும் துணிகளுக்கான வடிவமைப்பில் பணியாற்றியபடியே தங்கள் ஓவியத்தையும் காப்பாற்றிக்கொண்டவர்கள். எல்லோருக்கும் அந்த வாய்ப்பு அமையவில்லை. தந்தி அலுவலகத்தில் ஐந்தாண்டு உட்கார்ந்திருந்த பணிக்கருக்கு அந்த இளைஞர்களின் நிலை புத்தகத்தில் படித்துத் தெரிய வேண்டியதாக இருக்கவில்லை.

இந்தச் சிக்கலுக்குப் பொருளியலில் ஒரு விளக்கம் உண்டு. அமெரிக்கப் பொருளியலாளர்கள் வில்லியம் பாமோலும் வில்லியம் போவனும் 1966-ல் நிகழ்த்துகலைகளின் பொருளாதார நெருக்கடியைப் பற்றி ஒரு நூல் எழுதினார்கள். தொழிற்சாலையில் இயந்திரம் மேம்பட மேம்பட ஒரு தொழிலாளியின் ஒரு மணி நேர உற்பத்தி பெருகுகிறது, கூலியும் உயர்கிறது. நால்வர் வாசிக்கும் இசைக்கோவையை வாசிக்க இருநூறு ஆண்டுகளுக்கு முன்பும் நால்வர் வேண்டும், இன்றும் நால்வர் வேண்டும். அவர்களும் மற்றவர்களைப் போல வாழ வேண்டுமானால் கலையின் செலவு ஏறிக்கொண்டே போகும். பிற்பாடு இது பாமோலின் செலவு நோய் என்று பெயர் பெற்றது. திருப்பூர்க்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது. பனியன் துணி பின்னும் வட்டப் பின்னல் இயந்திரம் என் இளமையில் ஒரு நாளில் பின்னியதையும் இன்று பின்னுவதையும் ஒப்பிட்டுப் பார்த்தால் போதும். வாய்க்கால் கரையில் ஒரு வானத்தைத் தீட்ட எங்கள் ஆசிரியருக்கு ஆன நேரமும், ஆங்கிலேய ஓவியர் டர்னருக்கு ஆன நேரமும் ஏறத்தாழ ஒன்றாகத்தான் இருந்திருக்கும்.

பாமோலும் போவனும் கண்ட தீர்வு, அரசும் செல்வந்தர்களும் புரவலராக இருந்து கலையைத் தாங்க வேண்டும் என்ற திசையில் சென்றது. அந்த நூல் வெளிவந்த அதே 1966-ல், அதைப் பற்றி எதுவும் அறியாமலேயே, பணிக்கர் வேறு வழியைச் செயலில் காட்டிவிட்டார்.

அவர் வழி இதுதான். ஓவியம் விற்கவில்லை என்றால் ஓவியனின் கைத்திறன் விற்கும். 1963-ல் பணிக்கரும் மாணவர்களும் சேர்ந்து ஓவியர்களின் கைவினைச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். பத்திக் துணிகள் செய்தார்கள். தோல், உலோகம், மண்பாண்டம் ஆகியவற்றிலும் பொருள்கள் செய்தார்கள். பத்திக் முறையில் துணியில் எங்கே சாயம் ஏறக் கூடாதோ அங்கே உருக்கிய மெழுகைப் பூசிவிட்டுச் சாயத் தொட்டியில் முக்குவார்கள். மெழுகை நீக்கினால் காப்பாற்றிய இடம் பளிச்சென்று நிற்கும். ஒவ்வொரு நிறத்துக்கும் இதைத் திரும்பச் செய்ய வேண்டும். வெள்ளையை முன்கூட்டியே விட்டுவைக்கும் நீர்வண்ணக்காரருக்கு இந்த வேலை புதிதாகத் தோன்றியிருக்காது.

துணிகள் நன்றாக விற்றன. வந்த பணத்தில் ஒரு பங்கு பொது நிதிக்குச் சென்றது. அந்த நிதியைக் கொண்டு சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் கடற்கரையை ஒட்டிச் சில ஏக்கர் நிலம் வாங்கினார்கள். 1966 ஏப்ரலில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவானது. சுல்தான் அலி, ஹரிதாசன், வாசுதேவ், விஸ்வநாதன் எனப் பின்னாளில் பெயர் பெற்ற பலர் அதன் தொடக்ககாலக் குடியினர். அன்று அங்கே மணலும் சவுக்கும் மட்டும். தங்கள் குடிசைகளைத் தாங்களே திட்டமிட்டுக் கட்டிக்கொண்டார்கள். ஒருபுறம் துணிக்குச் சாயம், மறுபுறம் தங்களுக்கான ஓவியம் என்று நாளைப் பகுத்துக்கொண்டார்கள். புரவலரின் முன் கைகட்டி நிற்காமல், தம் பிழைப்பைத் தாமே ஈட்டிக்கொண்டு, சம்பாதித்த மிச்ச நேரத்தைக் கலைக்குக் கொடுக்கும் ஏற்பாடு. கூட்டுறவைப் பற்றி முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பெடுத்த எனக்கு, கொள்கைக்கு இத்தனை அருகில் வந்த இன்னொரு கூட்டுறவு நினைவுக்கு வரவில்லை.

குறைகள் இல்லாமல் இல்லை. சாயத்தொட்டியில் கழிந்த மணிநேரமும் ஓவியரின் மணிநேரம்தான். அதில் பிறக்காமல் போன ஓவியங்களை எவரும் எண்ண முடியாது. பணிக்கர் என்ற ஒரு மனிதரின் ஆளுமை அத்தனை பேரையும் ஒன்றாகப் பிடித்து வைத்திருந்தது என்பதும், அதற்குரிய பலவீனம் அதிலேயே இருந்தது என்பதும் உண்மை. பிற்காலத்தில் ஓவியங்களே நல்ல விலைக்குப் போகத் தொடங்கியதும் பத்திக்கின் தேவை குறைந்தது. ஆனாலும் நிலம் அவர்கள் பெயரில் இருந்தது. கிழக்குக் கடற்கரைச் சாலையின் இன்றைய மனை விலையை நினைத்துப் பார்ப்பவர்களுக்கு, மணல்மேடாக இருந்த காலத்தில் அதை வாங்கிப்போட்ட முடிவின் மதிப்பு தெரியும். அவ்வளவு விலை மதிப்புள்ள நிலத்தில் அடுக்குமாடிகள் எழாமல் இன்றும் சிற்பங்கள் நிற்கின்றன.

திருப்பூர்ப் பகுதியில் வாழ்ந்துகொண்டு சாயத்தைப் பற்றி எழுதும்போது மனம் உறுத்தாமல் இருக்காது. எங்கள் நொய்யல் பல நிறங்களில் ஓடியதைப் பார்த்த தலைமுறை நாங்கள். 2011-ல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிடும் நிலை வந்தது. சாயத்திலிருந்து ஒரு கிராமத்தை உருவாக்கியவர்கள் ஈஞ்சம்பாக்கத்தில் இருந்தார்கள். சாயத்தால் ஓர் ஆற்றை இழந்தவர்கள் நாங்கள். அளவு வேறு என்பார்கள். அது சரியே. அளவைப் பற்றிய அந்த யோசனை எங்களுக்குக் காலத்தில் வரவில்லை.

1967-ல் பணிக்கர் பள்ளிப் பொறுப்பிலிருந்து ஓய்வு பெற்றார். அதன்பின் ஏறத்தாழ பத்து ஆண்டுகள் தாம் உருவாக்கிய கிராமத்தோடு வாழ்ந்து, எழுத்தும் கட்டமும் நிறைந்த ஓவியங்களை வரைந்தார். 1977 ஜனவரியில் மறைந்தபோது அவருக்கு வயது அறுபத்தைந்து. மகன் நந்தகோபால் சிற்பியாக அதே கிராமத்தில் வாழ்ந்து, தம் காலம் முடியும்வரை அதை நடத்திச் சென்றார்.

பணிக்கர் மறைந்த வயதை நான் இப்போது கடந்துவிட்டேன். ஓய்வூதியம் மாதம் தவறாமல் வருகிறது. எங்கள் அறிவியல் ஆசிரியருக்கும் வந்தது. வேலையை இருபத்தைந்து வயதில் விட்டுவிடும் துணிவோ வசதியோ அவருக்கு இருக்கவில்லை. மூன்று பெண் மக்கள், மானாவாரி நிலம். ஐம்பத்தெட்டு வயதுவரை தவளையையும் தகைவையும் கற்பித்துவிட்டு அதன் பிறகே முக்காலியைத் தூக்கிக்கொண்டு வாய்க்காலுக்குப் போனார். அவரைப் போன்றவர்களுக்கு ஓய்வூதியம்தான் பத்திக். தனி வகுப்பைப் பற்றி அவரிடம் பேசியபோது இதை நான் கணக்கில் சேர்த்துக்கொள்ளவில்லை.

அவர் இறந்த செய்தி எனக்குத் தாமதமாகத் தெரிந்தது. துக்கம் விசாரிக்கப் போனபோது ஓவியங்களைப் பற்றிக் கேட்டேன். பரணில் இருந்தவற்றில் பெரும்பாலானவற்றைக் கறையான் தின்றுவிட்டது என்றார்கள். மிஞ்சியிருந்த நான்கைந்தில் ஒன்றை எனக்குக் கொடுத்தார்கள். பிஏபி வாய்க்கால், வலப்பக்கம் மூன்று பனை, வானம் முக்கால் பங்கு. நல்ல தாள் வாங்க அவருக்குக் கட்டுப்படியாகவில்லை போலும்; செய்முறைப் பதிவேட்டின் கோடில்லாத பக்கத்தில் வரைந்திருக்கிறார். பின்புறம் யாரோ ஒரு மாணவனின் கையெழுத்தில் தனி ஊசல் சோதனையின் அளவீடுகள். சிவப்பு மையில் ஆசிரியரின் திருத்தம் ஒன்று. தாள் மெலிதாக இருப்பதால் வெளிச்சத்தில் பிடித்தால் அந்த எண்கள் வானத்தின் ஊடே மங்கலாகத் தெரிகின்றன.